மருந்துக்காரர் வீட்டுப் புழு

மருந்துக்காரர் என்றதும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாத்திரை எண்ணித் தருகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். இவர் மருந்தைச் சாப்பிட்டுப் பிழைத்த ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. கரப்பான், கரையான், மூட்டைப்பூச்சி, எறும்பு என்று பதினான்கு வருஷமாக இவர் அனுப்பிவைத்த கூட்டத்துக்குக் கணக்கு வழக்கே இல்லை. முதுகில் தொட்டி, முகத்தில் மூடி, முழங்கை வரை உறை என்று ஓட்டல் சமையலறைக்குள் நுழைந்தாரானால், அடுப்புக்குப் பின்னால் இருக்கும் ஒரு விரல் இடுக்கைப் பார்த்தே உள்ளே எத்தனை குடும்பம் குடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். தொழிலில் அவ்வளவு கெட்டி.

அப்படிப்பட்டவருக்கு ஆறு வயதில் ஒரு மகள். வட்டமான கண்ணும் வாய்க்குள்ளேயே முனகுகிற பழக்கமுமாக இருந்ததால் அவர்தான் வண்டு என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்த வண்டுக்கு அப்பாவின் தொழில் என்னவென்று சரியாகத் தெரியாது. நாலு வயதில் ஒருமுறை கேட்டாள்.

“அப்பா, நீ என்ன வேல பாக்கற?”

“வீட்டுக்குள்ள வந்த பூச்சிங்கள வெளிய போகச் சொல்ற வேலம்மா.”

“சொன்னா கேக்குமா?”

“சொல்ற விதத்துல சொன்னா கேக்கும்.”

இதைச் சொன்னபோது தன் சாமர்த்தியத்தை அவரே மெச்சிக்கொண்டார். சொன்னதைக் காப்பாற்றத்தான் பாடாய்ப் பட வேண்டியிருந்தது. கம்பெனி வண்டியைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வருவார். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டார் இருக்கும் அறைக்குள் புகுந்து உடுப்பை மாற்றி, தனிப் பையில் போட்டுக் கட்டி, அங்கேயே குழாயில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, அதன் பிறகுதான் படியேறுவார். மருந்து மகள் மேல் படக்கூடாது என்பது ஒரு காரணம். மகள் கேள்வி கேட்கக்கூடாது என்பது இன்னொன்று.

அவள் வாயே திறக்காத இடமும் ஒன்று இருந்தது. வீட்டில் ஓயாமல் பேசுகிறவள், பள்ளிக்கூட வாசலை மிதித்ததும் ஊமையாகிவிடுவாள். சேர்த்து மூன்று மாதம் ஆகியும் ஆமாம், இல்லை என்று தலையாட்டுவதோடு சரி. பக்கத்துப் பிள்ளை பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாலும் திரும்பக் கேட்க மாட்டாள். டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மருந்துக்காரருக்கும் அவர் மனைவிக்கும் இது பெரிய வேதனை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டு, இரண்டு பேரும் தூங்காமல் கிடந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மனைவி வேலை பார்க்கும் ரொட்டிக் கடையில் அடுத்த ஆள் வரவில்லை. போன் வந்தது.

“என்னால நகர முடியலங்க. நீங்க போய் அவளக் கூட்டிட்டு வந்துருங்க.”

மருந்துக்காரர் அப்போதுதான் ஓர் ஓட்டல் சமையலறையை முடித்து, உறைகளைக் கழற்றி வண்டியின் முன் இருக்கையில் போட்டிருந்தார். பள்ளி விட இன்னும் பத்து நிமிஷம்தான். உடுப்பு மாற்ற நேரமில்லை, கை கழுவக்கூட நேரமில்லை. கம்பெனி வண்டியோடு போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

டீச்சர் அவரைக் கண்டதும் ஓடிவந்தார். போச்சு, மறுபடியும் புகார் என்று இவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

“சார், உங்க பொண்ணு இன்னிக்கி பேசினா.”

“எங்க பொண்ணா?”

“அவளேதான். எலுமிச்சச் செடி ஒண்ணு ஜன்னல்ல வெச்சிருக்கேன். அதுல புழு வந்திருக்கு. எல்லாப் பிள்ளைங்களும் கூடி நின்னு பாத்துட்டிருந்தாங்க. யாரோ அதுக்கு நூறு காலுன்னு சொன்னாங்க. இவ சட்டுன்னு, இல்ல, முன்னால ஆறு நெசக் காலு, பின்னால பத்து ஒட்டுக் காலுன்னா. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்பறம் நிறுத்தவே இல்ல.”

டீச்சர் ஓட்டை போட்ட மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வண்டுவின் கையில் கொடுத்தார். உள்ளே எலுமிச்சைக் கிளை, அதில் சுண்டுவிரல் தடிமனில் பச்சைப் புழு.

“ரெண்டு நாள் அவகிட்டயே இருக்கட்டும். திங்கக்கிழம கொண்டுவந்து என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் அவதான் சொல்லணும். என்ன பாக்கணும்னு ஒரு தாள்ல படம் போட்டுக் குடுத்திருக்கேன். நீங்க குறுக்க போகாதீங்க சார். அவளே பாக்கட்டும்.”

வண்டி அருகே வந்ததும் வண்டு நின்றுவிட்டாள். வண்டியின் பக்கவாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பேசிவிட்ட சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இருந்த மருந்துக்காரர் அதைக் கவனிக்கவில்லை. கதவைத் திறந்து அவளைத் தூக்கி உட்காரவைக்கும்போது பெட்டி சாய்ந்து, மூடி கழன்று, கிளை புழுவோடு இருக்கையில் விழுந்தது. அவர் பதறிப்போய்க் கையால் எடுத்து உள்ளே வைத்தார். புழு தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி, ஒரு கெட்ட வாடையை விட்டுத் தன் கோபத்தைத் தெரிவித்தது.

“குடும்மா, அப்பா வெச்சுக்கறேன்.”

“வேணாம்.”

பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டாள். அவர் பெல்ட்டை மாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். இரண்டாவது சிக்னலில் நிற்கும்போதுதான் ஸ்டியரிங் மேலிருந்த தன் கையைப் பார்த்தார். கழுவாத கை. புழு விழுந்த இடமோ உறைகள் கிடந்த இடம். தண்ணீரில் ஒரு சொட்டு கலந்தாலே ஒரு சமையலறையைக் காலி செய்கிற சரக்கு அது.

சனிக்கிழமை முழுக்கப் புழு தின்றது. சும்மா தின்னவில்லை, நாளைக்கு இலை கிடைக்காது என்று யாரோ சொன்னதுபோலத் தின்றது. ஓர் இலையின் ஓரத்தில் ஆரம்பித்து நரம்பு வரை வந்து, அடுத்த இலைக்குத் தாவியது. மருந்துக்காரர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்து, தின்கிறது என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். ஒருமுறை உள்ளே கிடந்த எச்சத்தைத் தட்டிவிடலாம் என்று பெட்டியைத் தொடப் போனார்.

“நீ தொடாத.”

“கை கழுவிட்டுத்தாம்மா வந்தேன்.”

“அம்மா செய்யட்டும்.”

குழந்தைக்குத் தன் பொருள் மேல் இருக்கும் ஆசை என்று நினைத்துக்கொண்டார். மனைவி பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து புது இலை பறித்து வந்து போட்டாள். வண்டு குப்புறப் படுத்து, மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு, டீச்சர் கொடுத்த தாளில் ஏதோ குறித்தபடி இருந்தாள். இடையிடையே புழுவோடு பேசினாள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்ற அவருக்கு, உலகத்திலேயே தனக்குத்தான் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி வேலைக்குப் போன கையோடு வண்டு வந்து நின்றாள்.

“இன்னிக்கி சாப்பிடல.”

போய்ப் பார்த்தார். இலைகள் அப்படியே இருந்தன. புழு பெட்டியின் சுவரில் ஏறியது, இறங்கியது, மூடியைச் சுற்றியது, மறுபடி இறங்கியது. ஓரிடத்தில் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெட்டியின் அடியில் பச்சையாக ஒரு குட்டைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நேற்று வரை மிளகு மிளகாக எச்சம் போட்டுக்கொண்டிருந்த புழு.

மருந்துக்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்த வரிசையை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். புது ஆட்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறார். மருந்து உள்ளே போனால் முதலில் தீனியை விடும். பிறகு நிலைகொள்ளாமல் அலையும். பிறகு உடம்பில் இருக்கிற நீரெல்லாம் இறங்கும். பிறகு சுருங்கும். அப்புறம் அசையாது. அப்போது, மருந்து வேலை செய்துவிட்டது, இனிக் கூட்டி அள்ளலாம் என்று அவர்தான் சொல்வார்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் மகளை ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே ஓடினார். அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது. திருட்டுத் திட்டம்தான். இதே மாதிரி இன்னொரு புழுவைப் பிடித்து வந்து மாற்றி வைத்துவிட வேண்டும். பச்சைப் புழுவுக்கும் பச்சைப் புழுவுக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? பதினாறு காலையும் நெசம், ஒட்டு என்று பிரித்துச் சொன்ன பிள்ளை என்பது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு செடிக்கடை இருந்தது. தொட்டி தொட்டியாக எலுமிச்சை. ஒவ்வோர் இலையாகப் புரட்டினார். முழங்கால் போட்டுத் தொட்டிக்கு அடியில்கூடப் பார்த்தார். கடைக்காரர் பின்னாலேயே வந்து நின்றார்.

“என்ன சார் தேடறீங்க?”

“புழுங்க. எலுமிச்சப் புழு. ஒண்ணே ஒண்ணு போதும்.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“வெளாடறீங்களா? போன மாசம் நீங்கதான வந்து அடிச்சீங்க. இன்னிக்கி வரைக்கும் ஒரு புழு இல்ல. சுத்தமாப் போச்சு. நானே போன் பண்ணிச் சொல்லணும்னு இருந்தேன், அருமையான வேல சார்.”

பதினான்கு வருஷத்தில் எத்தனையோ பேர் அவர் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள். இப்படி அடிவயிற்றில் குத்தின பாராட்டு அதுதான் முதல். போன மாதம் அங்கே அடித்ததை அவசரத்தில் மறந்தே போயிருந்த மனிதர், முழங்காலில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வழியில் நின்று மனைவிக்குப் போன் போட்டு, இருக்கை, உறை, கழுவாத கை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். ரொட்டி வெட்டுகிற இயந்திரத்தின் சத்தத்துக்கு நடுவே அவள் கேட்டாள்.

“அவகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“சொல்லிடுங்க. நாளைக்கி கிளாஸ்ல போய் நின்னு, ஏன் செத்துச்சுன்னு தெரியாம முழிச்சான்னா அதவிடக் கொடும. நீங்க பொய் சொன்னா உங்க காது செவந்து காட்டிக் குடுத்துடும். அவ கண்டுபிடிச்சுருவா.”

“மறுபடி பேசாம போயிட்டான்னா?”

மனைவி, அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அக்கம்பக்கத்துத் தொட்டிகளிலெல்லாம் தேடிவிட்டு வெறுங்கையோடு அவர் வீடு திரும்பியபோது மணி நாலு. புழு அலைவதை நிறுத்தியிருந்தது. கிளையின் நடுவில் தலை மேலாக ஒட்டிக்கொண்டு, முதுகு வளைந்து, நேற்று இருந்ததில் பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. பளபளப்பெல்லாம் போய் நிறம் மங்கிவிட்டது. வண்டு பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவள் அழாமல் இருந்ததுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவரும் தரையில் உட்கார்ந்தார்.

“வண்டு, அப்பா ஒண்ணு சொல்லணும்.”

“மெதுவாச் சொல்லு. சத்தம் போடக் கூடாது.”

“அன்னிக்கி வண்டில இது கீழ விழுந்துச்சுல்ல. அப்பா கையால எடுத்து வெச்சேன். அந்தக் கையில மருந்து இருந்துச்சும்மா. பூச்சி மருந்து. அதான் இது சாப்பிடல. அதான் இப்படிக் கெடக்கு. அப்பா வேணும்னு செய்யல.” அவருக்குக் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தினால் பிறகு வராது என்று தெரிந்து மேலே சொன்னார். “இன்னொண்ணு. நான் பூச்சிங்கள வெளிய போகச் சொல்றேன்னு சொன்னேன் பாரு, அது பொய். நான் கொல்றேன். அதுதான் என் வேல.”

வண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“தெரியும்.”

“என்னது?”

“உன் வண்டில படம் போட்டிருக்கே. கரப்பான்பூச்சி மல்லாக்கக் கெடக்குது. கண்ணுக்குப் பதிலா பெருக்கல் குறி. போகச் சொன்னா எதுக்கு மல்லாக்கப் படுக்கணும்?”

இரண்டு வருஷமாக மோட்டார் அறையில் உடுப்பு மாற்றிக் கட்டிக் காத்த ரகசியம், தன் வண்டியின் பக்கவாட்டிலேயே ஆளுயரத்துக்குத் தீட்டியிருந்ததை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

“அதனாலதான் பெட்டிய உன்கிட்ட குடுக்கல,” என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் என்ன கேட்டாலும் சொல்லிவிடுவது என்று இருந்தார். அவள் கேட்டாள்.

“எதுக்குக் கொல்ற?”

“சாப்பாட்டு மேல ஓடும்மா. மனுசங்களுக்கு வியாதி வரும். கரையான் வந்தா கதவு, கட்டில் எல்லாத்தையும் அரிச்சிடும்.”

“புழுவையுமா?”

“செடிக்கடைல கூப்பிட்டாங்க. அடிச்சேன்.”

வண்டு, சரி, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோலத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“ஆனா இது சாகலப்பா. நீதான் தப்பாச் சொல்ற.”

“இல்லம்மா, அப்பாவுக்குத் தெரியும். தீனிய விட்டுது, அலஞ்சுது, தண்ணியா...”

“தண்ணியாப் போச்சு, சின்னதாச்சு, நின்னுடுச்சு. இதோ.”

தாளில் டீச்சர் வரிசையாகப் படம் போட்டிருந்தார். இலை தின்னும் புழு. இலையை விட்டுவிட்ட புழு. சுற்றிச் சுற்றி நடக்கும் புழு. அடியில் ஒரு குட்டைத் தண்ணீர். வளைந்து சுருங்கிய புழு. ஐந்துக்கும் பக்கத்தில் வண்டு கோணல்மாணலாகச் சரி போட்டிருந்தாள். ஆறாவது கட்டத்தில் ஒரு கூடு; அதன் பக்கத்தில் மட்டும் இன்னும் சரி போடவில்லை. அவர் பதினான்கு வருஷமாக மனப்பாடமாக வைத்திருந்த அதே வரிசை. முடிகிற இடம் மட்டும் வேறு.

“கூட்டுப்புழு ஆகறதுக்கு முன்னாடி வயித்துல இருக்கறதெல்லாம் வெளிய போயிடணுமாம். அப்பறம் எடம் தேடுமாம். டீச்சர் சொன்னாங்க. உனக்கு யாரும் சொல்லலையா?”

“சொல்லலம்மா.”

“நல்லாப் பாரு. பெல்ட் போட்டிருக்கு.”

போனின் விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தார். முடியைவிட மெல்லிய ஒரு வெள்ளை நூல், கிளையில் தொடங்கிப் புழுவின் முதுகைச் சுற்றி மறுபக்கம் கிளையிலேயே முடிந்திருந்தது. விழாமல் இருக்கத் தானே கட்டிக்கொண்ட கட்டு. சாகிற பூச்சி இப்படி ஓர் ஏற்பாடு செய்து அவர் பார்த்ததில்லை. சாகிறது பிடியை விடும். இது இறுக்கிப் பிடித்திருந்தது.

புழு வண்ணத்துப்பூச்சி ஆகும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? பள்ளிப் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் புத்தகத்தில் தின்கிற புழுவுக்குப் பக்கத்திலேயே அழகான கூடு இருந்தது. நடுவில் இத்தனை அலைச்சல் உண்டென்று யாரும் போடவில்லை. அவர் தொழிலிலோ எந்தப் பூச்சியையும் வளர விட்டுப் பார்த்ததே கிடையாது. போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது அவருக்கு. சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவிக்குப் போன் போட்டு, “சாகலயாம்,” என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு வண்டுதான் அவரை உலுக்கி எழுப்பினாள். மனைவியும் வேலைக்குக் கிளம்பிய உடுப்போடு வந்து குனிந்துகொண்டாள். புழுவின் தலைக்குப் பின்னால் தோல் பிளந்தது. உடம்பு முழுக்கத் துடித்தது, நெளிந்தது, இழுத்தது. இரண்டு நாளைக்கு முன் பார்த்திருந்தால் கடைசித் துடிப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். பழைய தோல் காலுறை கழல்வதுபோல அடிவரை சுருண்டு இறங்கி, ஓர் உதறலில் கீழே விழுந்தது. பெல்ட்டுக்குள் பச்சையாக, ஈரமாக, புத்தம்புதிதாக ஒன்று சாய்ந்து நின்றது.

“இதத்தான் இன்னிக்கி சொல்லப் போறேன்,” என்றாள் வண்டு, ஆறாவது கட்டத்தில் சரி போட்டபடி. “நடந்த எல்லாத்தையும்.”

“எல்லாத்தையுமா?” என்றார் அவர். காது சிவந்தது.

“உன் கையப் பத்தியும் சொல்லுவேன். டீச்சர் எல்லாம் சொல்லணும்னாங்க. ஆனா நீ அழுதத சொல்ல மாட்டேன்.”

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். மருந்துக்காரர் கம்பெனிக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொன்னார். பள்ளிக்கூடம் வரை நடந்தே போவது என்று முடிவாயிற்று. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது வண்டு பெட்டியோடு வந்தாள். முதுகில் பை கனத்தது. படிகளை ஒருமுறை எட்டிப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“கை கழுவினியா?”

“மூணு தடவ.”

“காட்டு.”

இரண்டு கையையும் நீட்டினார். அவள் ஒவ்வொரு விரலாக மோந்து பார்த்தாள். பிறகு பெட்டியை அவர் கையில் வைத்தாள்.

“ஆட்டாம வா,” என்று சொல்லிவிட்டு, படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். மருந்துக்காரர் மூச்சை அடக்கி, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து, அவள் பின்னால் இறங்கினார்.